இறங்கி வரச் சொன்ன கை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பெருமையை நானே கொண்டாடிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. நான்கு புத்தகங்கள் வந்துவிட்டன, இனி எனக்கென்று ஒரு இணையதளம் இல்லாவிட்டால் மரியாதையில்லை என்று தோன்றி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் அலுவலகம் வைத்திருக்கிற யோகேஸ்வரியிடம் போனேன். புத்தக வெளியீட்டு விழாப் படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றாள். மேடையில் நான் கையை உயர்த்திப் பேசுகிறேன். கீழே முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைத் திறந்தபடி தூங்குகிறார்.

"இவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?" என்றாள்.

எதை என்றேன். இந்தப் படத்தைப் போடலாமா என்று கேட்டீர்களா என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கி வந்தால்தான் செய்வேன், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு போட்டோவுக்கு இவ்வளவா என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளுடைய குரல் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

கதை அவளுடையது. அவள் பின்னாலேயே போகிறேன். வழி தப்பும்போது மட்டும் நடுவில் வந்து பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "ஊருக்கு நூற்றைம்பது வயதானபோது அதற்கு ஒரு புதிய முகம் தேவைப்பட்டது." எழுதியதும் எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடித்துவிட்டேன். இந்த விஷயத்தில் சாமர்த்தியமாக வாக்கியம் எழுதிய ஒருவரால் வந்த வினையைப் பின்னால் பார்ப்பீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளைத்தாயின் முகத்தைப் பார்த்தால்

[இங்கே ஒன்பது வரிகள் இருந்தன. நெற்றி, கன்னம், கண்ணுக்குக் கீழே இருக்கும் கோடு எல்லாம் இருந்தன. சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டபடி நீக்கிவிட்டேன். அதனால் இந்தக் கதையில் வெள்ளைத்தாய்க்கு முகம் கிடையாது. குரல் மட்டும்தான்.]

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாக உள்ளே போனால் கருங்குளம்புதூர் வரும்.* அங்கே முதல் சந்தை கூடியது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் என்று ஒரு கல்லில் வெட்டியிருக்கிறது. அதை வைத்து நூற்றைம்பதாவது ஆண்டு விழா நடத்துவதென்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். மூன்று நாள் விழா, ஒரு மலர், ஊர் வாசலில் ஒரு பெரிய வளைவு. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்களிடம் நன்கொடை திரட்டினால் முடித்துவிடலாம். அதற்கு ஊரின் பழைய வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டும். விழாக்குழுத் தலைவர் ஹரிகிருஷ்ணன் தை மாதத்தில் ஒரு நாள் யோகேஸ்வரியின் மாடிப்படி ஏறி வந்தார்.

* ஊர்ப்பெயர் நான் வைத்தது. அந்தப் பெயரில் எங்கேனும் ஒரு ஊர் இருந்து, அங்கேயும் ஒரு விழாக்குழு இருந்தால், அவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டியதில்லை. கோபப்பட்டாலும் நல்லதுதான்.

3

பழைய வெப்சைட்டைச் செய்தவர் சங்கையா. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பத்திரிகைகளுக்கு ஊர்ச் செய்தியும் அனுப்புவார். சொந்தக் காசில் நடத்திய அந்தத் தளத்தில் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கக் கண் கூசும். ஆனால் ஊரில் எது நடந்தாலும் படமும் நான்கு வரியுமாக ஏற்றிவிடுவார். கொரோனா சமயத்தில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் திறந்து பார்க்க ஆளில்லை.

யோகேஸ்வரிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்துபோகிறாள். எட்டு வருஷத் தொழில். பால்கோவாக் கடை, நாய்ப் பண்ணை, பல் டாக்டர் என்று சின்னச் சின்னத் தளங்களாகச் செய்துகொண்டிருந்தவளுக்கு ஒரு ஊருக்கே செய்வது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. ஆசைப்பட்டுச் செய்தாள். போனில் பார்த்தாலும் எழுத்து கலையாமல் நிற்கும். எல்லாப் பக்கத்திலும் ஓரத்தில் 'நன்கொடை' என்று ஒரு தங்க நிறப் பட்டன். சங்கையாவின் செய்திப் பக்கங்களைப் புதுத் தளத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். விழா நேரத்தில் பழைய சண்டை சச்சரவெல்லாம் எதற்கு, படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவளும் படங்களைத் தனியாகவும் செய்திகளைத் தனியாகவும் பிரித்தாள். செய்திகளை அழித்தாள்.

முகப்பில் முதலில் கோயில் கோபுரம் இருந்தது. பிறகு கண்மாயும் அதற்குப் பின்னால் மலையும். இரண்டுக்கும் யாரும் அசையவில்லை. ஹரிகிருஷ்ணன் போன் செய்து, கல்லையும் தண்ணீரையும் பார்த்து யாரம்மா காசு அனுப்புவான், மனசைத் தொடுகிற மாதிரி ஒரு மனுஷ முகம் வேண்டும் என்றார். யோகேஸ்வரி சங்கையாவின் படங்களுக்குள் தேடினாள். ஒரு மத்தியானம் அது அகப்பட்டது.

நடு ரோடு. கொளுத்துகிற வெயில். நாற்பது பெண்கள் இருப்பார்கள். எல்லார் பக்கத்திலும் காலிக் குடம். வலது ஓரத்தில் ஒரு ஜீப்பின் முன்பகுதி. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு, வலது கையை நீளமாக நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

யோகேஸ்வரி ஜீப்பை வெட்டினாள். நாற்பது பெண்களையும் வெட்டினாள். ரோட்டை மங்கலாக்கி, மேலே லேசாக ஒரு பழுப்பு நிறம் ஏற்றினாள். இப்போது ஒரே ஒரு பெண், காலிக் குடம், திறந்த வாய், நீட்டிய கை. பத்து நிமிட வேலை.* முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தானே ரசித்துப் பார்த்ததாக என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இருளப்பசாமி. படத்துக்குக் கீழே போட அவர் எழுதிக் கொடுத்தது இது: "தாகத்தோடு கை நீட்டுகிறாள் உங்கள் ஊர்த்தாய். வெறுங்கையோடு அனுப்பலாமா?"

வளைவு கட்டுவதற்கான வசூல் அது. தாகத்துக்கும் வளைவுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை என்றாள் யோகேஸ்வரி.

பணம் வரத் தொடங்கியது.

* எழுத்தாளர்கள் இதே வேலைக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். நாற்பது பேரை வெளியே தள்ளி ஒருத்தியை நிறுத்துவோம். அதற்குப் பாத்திரப் படைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

4

இந்த இடத்தில் ஹரிகிருஷ்ணனைக் கெட்டவராக எழுதக் கை துறுதுறுக்கிறது. "தங்க மோதிரம் மின்ன அவர் ஒரு நமுட்டுச் சிரிப்பு" என்று தொடங்கிக்கூட விட்டேன். யோகேஸ்வரியிடம் படித்துக் காட்டியபோது நிறுத்தச் சொன்னாள். அவர் மோதிரமே போடுவதில்லையாம். ஸ்பின்னிங் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷாவருஷம் நாலைந்து பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுகிறவர். அவளை ஒரு தடவைகூட ஒருமையில் பேசியதில்லை. நல்ல மனுஷர் சார், அதுதான் எனக்கு ஆத்திரம் என்றாள்.

ஆகவே மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். நல்ல மனுஷராகவே இருக்கட்டும்.

5

வெள்ளைத்தாய்க்கு விஷயம் தெரிந்தது ஜம்முவிலிருந்து.

அவளுடைய மகன் கௌதம்ராஜ் ராணுவத்தில் இருக்கிறான். அவனுடைய பிரிவில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஒருவன் வாட்ஸப்பில் வந்த படத்தைக் காட்டி, இது உன் ஊர்தானே, பாவம் இந்தம்மா, நாங்கள் அஞ்சாறு பேர் சேர்ந்து கொஞ்சம் அனுப்பியிருக்கிறோம் என்றிருக்கிறான். கௌதம்ராஜ் படத்தைப் பார்த்தான். இது என் அம்மா என்று அவனால் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போன் போட்டான். ஹலோ சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"நான் அனுப்புதது பத்தலையாம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, தளத்தின் அடியில் போட்டிருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு யோகேஸ்வரியின் அலுவலகத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் பை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கருங்குளம்புதூர் படத்தைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டு என்றாள். யோகேஸ்வரி மானிட்டரைத் திருப்பி வைத்தாள். வந்தவள் படத்தைப் பார்த்தாள். யோகேஸ்வரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நிமிஷம் வரைக்கும் படத்தில் இருப்பவளுக்கு ஒரு வீடு இருக்கும், பஸ் ஏறி வருவாள் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றாள்.

"இந்தக் கையி எதுக்கு நீண்டிருக்குன்னு தெரியுமா தாயி ஒனக்கு?"

யோகேஸ்வரி தெரியாது என்றாள்.

வெள்ளைத்தாய் சொன்னாள். சத்தம் போடவில்லை, பால் கணக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். இரண்டாயிரத்துப் பதினேழு வறட்சி. ஊருக்குள் இருபத்து மூன்று நாள் குழாயில் தண்ணீர் இல்லை. அவள் ஒரு தடவை வார்டு உறுப்பினராக இருந்தவள். அப்போது அந்தப் பதவியும் இல்லை. இருந்தாலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே, எல்லாரும் கலைந்து போங்கள், பார்க்கலாம் என்றார்.

"எறங்கி வந்து பேசுங்கன்னு நீட்டுன கையி இது. ஒரு மணி நேரம் நீட்டுனேன். எறங்குனாரு. எட்டு மாசத்துல டேங்கு வந்துச்சு. அதுல இருந்துதான் இன்னைக்கும் அம்புட்டுப் பேரும் தண்ணி குடிக்காக. அதை வெட்டிப்புட்டு என்னையப் பிச்சைக்காரியாக்கி வச்சிருக்கியே, நீ படிச்ச பிள்ளதான?"

[இந்த இடத்தில் "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். கலங்கவில்லை. கலங்கியது யோகேஸ்வரியின் கண்கள். அதையும் அவள் எழுத வேண்டாம் என்கிறாள்.]

ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறாள் வெள்ளைத்தாய். மாடு இரண்டு. வீடு சொந்தம். யாரிடமும் ஒரு பைசா கைநீட்டி வாங்கியதில்லை. இதையெல்லாம் யோகேஸ்வரி கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். இதையெல்லாம் தான் ஒரு மூன்றாம் மனுஷியிடம் ஒப்பிக்கவேண்டி வந்ததே என்பதுதான் அன்றைக்கு அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

படத்தை இப்போதே எடுத்துவிடுகிறேன் அம்மா என்று யோகேஸ்வரி மவுசைப் பிடித்தாள். வெள்ளைத்தாய் வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டால் பார்த்தவர்கள் பார்த்ததாகவே இருந்துவிடுவார்கள். அதே இடத்தில், அதே அளவில், முழுப்படத்தையும் போட வேண்டும். கை எதற்காக நீண்டது என்று கீழே எழுத வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பின ஒவ்வொருத்தருக்கும் நான் கேட்கவில்லை என்று கடிதம் போக வேண்டும். முக்கியமாக ஜம்முவுக்கு.

6

யோகேஸ்வரி ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்தம்மா மனசு நோக வேண்டாம், விழா மேடையில் வைத்துச் சால்வை போட்டுவிடலாம், ஒரு பட்டுச்சேலையும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். சேலை கேட்கவில்லை சார் என்றாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் குழுக் கூட்டம் இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்தக் கூட்டத்தை நான் எழுதிய முதல் விதம் இது:

"திரையில் அந்தப் படம் பத்தடி உயரத்துக்கு ஒளிர்ந்தது. வெள்ளைத்தாய் எழுந்து அதன் அருகில் போய் நின்றாள். படத்தில் இருந்ததைப் போலவே வலது கையைத் தலைவரை நோக்கி நீட்டினாள். மண்டபமே

அடித்துவிட்டேன். கைதட்டலுக்காக எழுதிய வரி அது. திரையும் இல்லை, மண்டபமும் இல்லை. ஒரு ஹோட்டலின் மாடியில் நீள மேஜை; சுற்றிலும் பதினொரு ஆண்கள். வெள்ளைத்தாய்க்கும் யோகேஸ்வரிக்கும் கடைசியில் இரண்டு நாற்காலி போட்டார்கள். காப்பி வந்தது. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினார்கள் என்றாள் யோகேஸ்வரி.

ஒருவர், ஊருக்கு நல்லதுதானே நடக்கிறது, இதில் நமக்கென்ன குறைச்சல் என்றார். இன்னொருவர், படத்தை இப்போது மாற்றினால் அனுப்பியவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார். தமிழாசிரியர் இருளப்பசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார்.

"நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கம்மா. படத்துல இருக்குறது நீங்க இல்ல, ஊரு. ஊரையே ஒரு தாயா உருவகம் பண்ணியிருக்கு. இலக்கியத்துல இதுக்கு உருவகம்னு பேரு."

"எனக்கு வெள்ளைத்தாய்னு பேரு" என்றாள் அவள்.

அவ்வளவுதான். மேஜையைத் தட்டவில்லை, எழுந்திருக்கவில்லை. ஹரிகிருஷ்ணன்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார்: விழா முடிகிற வரைக்கும், இரண்டே மாதம், இப்படியே இருக்கட்டும். முடிந்த மறுநாள் படத்தை எடுத்துவிடலாம். அம்மாவும் ஊர்க்காரர்தானே, ஊருக்காக இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள மாட்டாரா?

எல்லாரும் அது நியாயம் என்று தலையாட்டினார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் 'பேசித் தீர்க்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நான் எழுந்து போய்ச் செத்த நேரம் மாடியில் நடந்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னது எதை? தன் மகன் வேலை செய்யும் இடத்தில் தான் பிச்சைக்காரியாக இருப்பதை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவளிடம், ஊருக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று, அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கிறவர்கள் சொன்னார்கள். சால்வையும் சேலையும் தரத் தயாராக இருந்தவர்கள், ஒரு படத்தின் வெட்டிய பகுதியைத் திருப்பித் தரத் தயாராக இல்லை.

மன்னிக்கவும். கதை சொல்ல வந்தவன் கூட்டத்தில் பேசுகிறவன் மாதிரி ஆகிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வெள்ளைத்தாய் கேட்டாளாம், பணம் அனுப்பினவர்களின் விலாசம் உன்னிடம் இருக்கிறதா என்று. யோகேஸ்வரி இருக்கிறது என்றாள். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

7

யோகேஸ்வரி இரண்டு நாள் யோசித்தாள். தளத்தின் வழியாக நன்கொடை அனுப்பிய இருநூற்றுச் சொச்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் அவளிடம் இருந்தன. அவை குழுவுக்குச் சொந்தம்; அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். தொட்டால் இந்தத் தொழிலில் அதற்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

புதன்கிழமை வெள்ளைத்தாயைப் போனில் கூப்பிட்டாள். நீங்கள் சொல்லுங்கள், நான் டைப் அடிக்கிறேன் என்றாள். பேச்சுத் தமிழில் சொன்னதை எழுத்துத் தமிழாக்கியது மட்டும்தான் தன் வேலை என்கிறாள்:

"என் பெயர் வெள்ளைத்தாய். கருங்குளம்புதூர் இணையதளத்தில் நீங்கள் பார்த்த படத்தில் இருப்பது நான். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் கை, ஜீப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரியை இறங்கி வரச் சொல்லி நீண்ட கை. அவர் இறங்கினார். தண்ணீர் வந்தது. முழுப்படம் இத்துடன் இருக்கிறது. என்னோடு உட்கார்ந்த பெண்களையும் பாருங்கள். என்மேல் இரக்கப்பட்டுப் பணம் அனுப்பியிருந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்காக அனுப்பியிருந்தால், அந்தப் பணத்தில் என்ன கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்."

அனுப்பினாள். முகப்பில் வெட்டிய படத்தை எடுத்துவிட்டு முழுப்படத்தைப் போட்டாள். அதன் கீழே இதே கடிதம். பிறகு போனை அணைத்துவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்தாள்.

நீங்கள் கேட்க நினைப்பதை நானும் அவளிடம் கேட்டேன்: நம்பிக் கொடுத்த முகவரிகளை அவர்களிடம் கேட்காமல் எடுத்தது தப்பில்லையா?

"தப்புதான் சார்" என்றாள். "மொதத் தப்பைவிடச் சின்னது."

பதில்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், பதினேழில் அந்த ரோட்டில் உட்கார்ந்த நாற்பது பேரில் பாலம்மாள் தன் அக்கா என்று எழுதினார். முப்பது பேருக்கு மேல் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர் அப்போதும் புரிந்துகொள்ளாமல், அந்த அம்மாவின் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள், நேராக அவருக்கே அனுப்புகிறேன் என்று எழுதினார். ஜம்முவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது: மன்னிக்கச் சொல்லுங்கள், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறோம். எந்தப் படத்தை என்று எழுதவில்லை. முழுப்படத்தைத்தான் என்று கௌதம்ராஜ் அம்மாவுக்குப் போனில் சொன்னான்.

கடிதம் போன அன்று சாயந்திரத்துக்குள் குழு தளத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டது. மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த நீள மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் அவளுடைய வாடிக்கையாளர்கள். இரண்டு பேரும் அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஹரிகிருஷ்ணன் கடைசியாக ஒரு தடவை பேசினார். அவர் திட்டவில்லை. உங்களை என் மகள் மாதிரி நினைத்திருந்தேன் என்றார். மகள் படத்தையும் அவளிடம் கேட்காமல் இப்படித்தான் போடுவீர்களா என்று கேட்க நினைத்ததாகவும், வாய் வரவில்லை என்றும் யோகேஸ்வரி சொன்னாள். இப்போது கேட்டாகிவிட்டது. அச்சில் வரட்டும்.

8

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மளமளவென்று எழுதத் தொடங்கியவன், ஆறாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். நான் யாரிடம் கேட்டேன்?

யோகேஸ்வரி என்னைக் கருங்குளம்புதூருக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைத்தாய் சோளத்தட்டையை நறுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில் எழுதுங்க என்றாள். அதற்கு நிபந்தனைகள் இருந்தன.

"என் மொகத்தை எழுதாதீய. அழுதேன்னு எழுதாதீய. ஏழைன்னு ஒரு எடத்துல எழுதுனாலும் ஒங்க வீட்டுக்கு வருவேன்."

நல்ல பெண்மணி என்று எழுதலாமா என்றேன். ஓட்டுக் கேட்கவா போகிறேன், அதுவும் வேண்டாம் என்றாள்.

அப்போது விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஊர் வாசலில் வளைவுக்கு இரண்டு தூண்கள் எழும்பியிருந்தன. தளத்தை இப்போது மதுரையில் யாரோ பார்க்கிறார்களாம். நோட்டீஸ் வந்ததிலிருந்து யோகேஸ்வரி அதைத் திறப்பதே இல்லை. என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று நான்தான் என் போனில் திறந்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

வெள்ளைத்தாய் அதில் இல்லை. வெட்டிய படமும் இல்லை, முழுப்படமும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். வட நாட்டுப் பாணியில் கட்டிய சேலை, தலையில் முக்காடு, கையில் மண்பானை, வெடித்த தரை. கீழே அதே வரிகள்: "தாகத்தோடு கை நீட்டுகிறாள் உங்கள் ஊர்த்தாய். வெறுங்கையோடு அனுப்பலாமா?"

"இது யாரு?" என்றாள் வெள்ளைத்தாய்.

தெரியாது அம்மா, படம் விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன, காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யோகேஸ்வரி சொன்னாள்.

"எந்த ஊருக்காரி?"

அதுவும் தெரியாது என்றாள்.

வெள்ளைத்தாய் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, வெயில் படாமல் மறைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு யாரு போன் போட்டுச் சொல்லுவா?" என்றாள்.



9

முடிவு.

ஒரு முடிவில், யோகேஸ்வரி அந்தக் கம்பெனிக்கு எழுதி, படமெடுத்தவரைக் கண்டுபிடித்து, அந்தப் பெண் ராஜஸ்தானில் ஒரு

வேண்டாம். எழுதியது உண்மைதான், அன்றைக்கே வெள்ளைத்தாய் வீட்டில் உட்கார்ந்தே எழுதினாள். உங்கள் கேள்வி கிடைத்தது, படத்தில் இருப்பவர்களின் விவரங்களை நாங்கள் தருவதில்லை என்று இரண்டு நிமிஷத்தில் ஒரு இயந்திரம் பதில் போட்டது. அதற்கு மேல் நான் சொல்வதெல்லாம் கற்பனை.

இன்னொரு முடிவில், விழா நாளன்று நாற்பது பெண்கள் வளைவுக்குக் கீழே போய்

இல்லை. விழா நடந்தது. கூட்டம் நன்றாக இருந்தது. வெள்ளைத்தாய் அன்றைக்கு மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கக் காட்டுக்குப் போயிருந்தாள்.

மூன்றாவது ஒரு முடிவு எழுத வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பெயர் வைக்க வேண்டும், ஒரு ஊர் கொடுக்க வேண்டும், அவள் பானையோடு எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று இட்டுக்கட்ட வேண்டும். செய்ய மாட்டேன். எனக்கு அவளைத் தெரியாது. அவளுடைய படம் இன்று காலை வரைக்கும் அங்கேதான் இருக்கிறது. சற்று முன்புகூடப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால், கதையை இங்கேயே மூடிவைத்துவிட்டு முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு நடப்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.